மச்சானுக்காக வெட்டிய ஜன்னல்

வானமே இடிந்து விழுந்தாலும் என் அறையை மச்சானுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனதுக்குள்தான். சத்தமாக முடிவு சொல்ல எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

குறட்டைக் குற்றத்துக்காக மனைவி என்னை நாடு கடத்திய இடம் அந்த மாடி அறை. ஒற்றைக் கட்டில், காற்று வரும் ஜன்னல், கேள்வி கேட்க ஆளில்லை. தண்டனையா அது? சொர்க்கம்! அந்த நேரம் பார்த்து அவள் தம்பிக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து, பெட்டியோடு வந்து இறங்கினான்.

"கீழ நிலவறை சும்மாதானே கிடக்கு? தம்பி அங்க படுக்கட்டுமே" என்றேன் பெருந்தன்மையாக.

"ஏங்க, அதுக்கு இருக்கறது ஒரே படி. அதுவும் அடுப்படிக்குள்ள வந்து ஏறுது. அடுப்படியில தீப்பிடிச்சா அவன் எப்படி வெளிய வருவான்?"

"ஜன்னல் இருக்கே!"

"அதுவா? அதுல பூனையே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நுழையுது."

"பெரிசாக்கிட்டா?"

"ஆக்குங்க, பார்ப்போம்."

ஆக்கினேன். கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை வெட்டி, வெளியே பள்ளம் தோண்டி, ஏறிவர இரும்பு ஏணி வைத்து, உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளினால் திறக்கும் ஜன்னலை மாட்டினேன். புகை வந்தால் அலறும் கருவி ஒன்றும் வைத்தேன். மண் சுமந்தது நான். மச்சான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடுப்பு பத்திரம் அத்தான்" என்று மேற்பார்வை பார்த்தான்.

"வெளிய வர முடியுதான்னு பார்த்துடலாம். முதல்ல நீங்க" என்றாள் மனைவி.

ஒரு தாவு. ஏணி. புல்தரை.

"புகையில கண்ணு தெரியாதே?"

கண்ணைக் கட்டிக்கொண்டும் வந்தேன். பக்கத்து வீட்டம்மா கை தட்டினார். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் வந்து காட்டினேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அடுத்து மச்சான். தலை வந்தது. தோள் வந்தது. தொப்பை வரவில்லை.

"அக்கா! மூச்சு முட்டுது!"

நான் வெளியே இழுக்க, அவள் உள்ளே இழுக்க, வழக்கம்போல் அவளே ஜெயித்தாள்.

"பார்த்தீங்களா? இவனைக் கீழ படுக்க வெச்சா எனக்குத் தூக்கம் வருமா?"

"அப்போ கீழ யாரு படுக்கறது?"

"நீங்கதான் கண்ணைக் கட்டினாலும் வந்துடறீங்களே!"

பொழுது சாய்வதற்குள் என் கட்டில் கீழே இறங்கிவிட்டது. தலையணையோடு வாசலைச் சுற்றி வருகிறேன், மச்சான் என் புது ஜன்னலிலிருந்து மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறான். கையில், கீழே மறந்து வைத்திருந்த போன் சார்ஜர்.

"படி சுத்தி வரணுமே அத்தான், அதான்."

"இங்க வா! இங்க வந்து பாரு! இப்போ எப்படி வந்தான்?" என்று கத்தினேன்.

மனைவி நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

"அது முழிச்சிருக்கும்போதுங்க. தூங்கிட்டா அவனுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. அந்தக் கருவி அலறினா, நீங்க வெளிய வந்ததும் மாடி ஜன்னல்ல ஒரு கல்லெறிஞ்சு எழுப்பிவிட்டுடுங்க. மெதுவா எறிங்க. பாவம், பயந்துடுவான்."