ஒல்லியைத் துரத்திய தண்ணீர்

"மாமா, இடது பக்கம் தண்ணி தேங்குது பாருங்க!"

கரையில் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்தபடி மச்சினன் கத்தினான். அவன் கையில் மாவுக்கட்டு. போன வாரம் இதே படகில், இதே மாதிரித் தண்ணீரில் வழுக்கி விழுந்து வாங்கிய கட்டு.

"எனக்குக் கண்ணு இல்லையா? சும்மா உக்காரு," என்றார் ஒல்லி. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. நாற்பது வருஷமாகியும் படகுத்துறை அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

துறையில் கட்டி மிதக்கும் சின்ன மீன்பிடிப் படகு. தளத்தில் ஏறும் அலைத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. போன வாரம் வந்த பரிசோதகர், "தளத்துல தண்ணி நின்னா சான்றிதழ் கிடையாது. நாளைக்கு ஒருத்தன் வழுக்கிக் கடல்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று பத்து மணிக்கு மறுபடி வருகிறார். நாளைக்கு எல்லாப் படகும் கடலுக்குக் கிளம்புகின்றன. சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஒல்லி கரையில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் போக ஓட்டைதானே வேண்டும்? இடது பக்கப் பலகையில், தளத்தை ஒட்டி, டிரில்லால் பெரிதாக ஒன்று போட்டார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆவலோடு குனிந்து பார்த்தார்.

உள்ளே இருந்த தண்ணீர் வெளியே போகவில்லை. வெளியே இருந்த கடல் உள்ளே வந்தது.

"அட, இதென்ன கூத்து!"

தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஓட்டையை அடைத்தார். ஒருவேளை வலது பக்கம்தான் சரியோ? டிரில்லோடு அங்கே போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் அங்கே வந்து காத்திருந்தது.

ஒல்லிக்கு மண்டை குடைந்தது. இவ்வளவு நேரம் அந்தப் பக்கம் நின்ற தண்ணீருக்கு இங்கே என்ன வேலை? சரி, வந்ததும் நல்லதுதான் என்று அங்கேயும் ஓர் ஓட்டை போட்டார். அதிலும் கடல் பொங்கிக்கொண்டு வந்தது. மீதித் துண்டும் காலி.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"தண்ணியில வழுக்கி விழுந்தவன் தண்ணியப் பத்திப் பேசாதே!"

பின்பக்கம் போனார். தண்ணீரும் பின்னாலேயே வந்தது. மூன்றாவது ஓட்டை. இப்போது கணுக்கால் மூழ்கியது. சட்டையைக் கழற்றி அடைத்தார்.

டீயோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "ஐயய்யோ, காலையில பாதம் நனையத்தானே இருந்துச்சு? போதும், இறங்கி வாங்க."

"மாட்டேன். இந்தத் தண்ணி எங்கதான் போக நினைக்குதுன்னு தெரியாம படகை விட்டு ஓர் அடி நகர மாட்டேன்!"

"மாமா, அதைத்தான் நானும்..."

"நீ பேசாதே!"

பரிசோதகர் வந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு, கையில் அட்டை. "நீங்க கரைக்கு வாங்க. நான் ஏறிப் பாக்கணும்."

ஒல்லி வேண்டாவெறுப்பாக இறங்கினார். பரிசோதகர் ஏறினார்.

"இந்தத் துணியெல்லாம் என்ன?" என்று ஒவ்வொன்றாக உருவினார்.

போச்சு, படகே போச்சு என்று ஒல்லி கண்ணை மூடிக்கொண்டார். மடமடவென்று சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், தளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று ஓட்டை வழியாகவும் எல்லாம் கடலுக்குப் போயிருந்தது.

பரிசோதகர் இன்னொரு வாளியைக் கொட்டினார். அதுவும் ஓடிப்போனது.

"பிரமாதம்! மூணு பக்கமும் வழி வச்சிருக்கீங்க. யாரோட யோசனை?"

"எ... என்னோடதுதான் சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த படகுக்கு நடந்தார். ஒல்லி சான்றிதழை மடித்து மடியில் செருகிக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. மச்சினன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, காலையிலிருந்து எனக்குத் தண்ணி காட்டின படகு, அந்த ஆளு ஏறினதும் எப்படிடா யோக்கியமாச்சு?"

மச்சினன் டீயை ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"நீங்க எந்தப் பக்கம் போய்க் குனிஞ்சு பாத்தீங்களோ, உங்க கனத்துக்குப் படகும் அந்தப் பக்கம்தான் குனிஞ்சு பாத்துச்சு மாமா."