காவலோடு போன வண்டி

இனி இந்த வண்டியை விட்டு ஒரு நொடியும் நகர்வதில்லை என்று ஜீவந்தரன் அன்று காலை சபதம் செய்தார். சபதம் செய்யும்போதே வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

வண்டி புதுசு. பச்சைச் சாயம் அடித்த கூண்டு, பித்தளைக் குமிழ், பின்னால் உள்தாழ்ப்பாள் வைத்த கதவு. திருப்பருத்திக்குன்றத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கூண்டு வண்டி இல்லை. போன வாரம் வாலாஜாபாத் சந்தையில் முனிசாமியின் வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முனிசாமி கையில் மிஞ்சியது சாட்டை மட்டும். அதைக் கேட்டதும் ஜீவந்தரன் சக்கரத்தைச் சங்கிலியால் வேப்பமரத்தோடு கட்டினார். சங்கிலிக்குத் தேங்காய் அளவில் ஒரு பூட்டு. சாவி அரைஞாணில்.

அவர் மனைவி மதனவதிக்குக் கவலை வேறு. மறுநாள் காலை வாலாஜாபாத்தில் அவள் தங்கை ரத்னமாலாவுக்கு வளைகாப்பு.

"வண்டியைக் கட்டுறீங்களா?"

"வாலாஜாபாத்துக்கா? திருடன் ஊட்டு வாசல்லியே கொண்டுபோய் விடச் சொல்றியா?"

"அப்ப வண்டி எதுக்கு வாங்கினீங்க?"

"பத்திரமா வச்சிக்கத்தான். நீ பஸ்ல போ."

"ரெண்டு டின் முறுக்கு, ஒரு கூடை வளையல், ஒரு பலாப்பழம். கண்டக்டர் என்னை ஏத்துவாரா, பழத்தை ஏத்துவாரா?"

"அப்ப போவாதே."

மதனவதி உள்ளே போனாள். பிறந்த வீட்டில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியையே ஓட்டிப் பழகியவள் அவள். அவள் பேசாமல் போனால் வீட்டு மாடுகளே தலையைத் தூக்கிப் பார்க்கும். ஜீவந்தரன் பார்க்கவில்லை. பித்தளைக் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்து நின்றாள்.

"பொழுது சாயப்போவுது. சாப்பிட வரலியா?"

"வந்துக்கினே இருக்கேன்."

"வாங்க, வாங்க. இந்நேரம் நம்ம தெருவே இலை முன்னால உட்கார்ந்துக்கினு இருக்கும். வெளியில ஒரு காக்கா கூட இருக்காது. நான் திருடனா இருந்தா இப்பத்தான் வருவேன்."

ஜீவந்தரன் தூக்கிய காலை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். "சாப்பாட்டை இங்கியே கொண்டா."

சமணக் குடும்பம் என்பதால் அவருக்கு அப்பா காலத்திலிருந்தே மூன்று கட்டுப்பாடுகள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். சாப்பிடும்போது பேசமாட்டார். பாதியில் எழுந்துவிட்டால் அந்த வேளைக்கு மறுபடி இலையில் உட்காரமாட்டார். மதனவதிக்கு மூன்றும் மனப்பாடம்.

வண்டிக்குள் இலை போட்டாள். நுகத்தடி தரையில் கிடந்ததால் வண்டி முன்பக்கம் சரிந்திருந்தது. மோர்க்குழம்பு சாதத்தை விட்டுவிட்டு மாட்டுத் தொட்டியைப் பார்த்து ஓடியது.

"மாட்டைப் பூட்டினா மட்டமா நிக்கும்" என்றாள் மதனவதி.

ஜீவந்தரன் ஒரு கணம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது அவருடைய யோசனை மாதிரியே தெரிந்தது.

"பூட்டு. திருடன் வந்தாலும் அப்படியே ஓட்டிக்கினு தப்பிச்சுடலாம் பாரு."

"சங்கிலி?"

"தப்பிக்கும்போது சங்கிலி இருக்கலாமா?" அவரே இறங்கிப் பூட்டைத் திறந்தார். அதற்குள் மதனவதி மாட்டைப் பூட்டி, சாய்ந்துகொள்ளவென்று ஒரு பெரிய மூட்டையையும் உள்ளே வைத்தாள். அவர் ஏறிக் கதவை உள்ளே தாழ் போட்டார். பக்கத்தில் டிபன் கேரியர். முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

கழுத்து மணி ஒலித்தது. மாடு தலையாட்டுகிறது என்று நினைத்தார். சின்ன ஜன்னலில் வேப்பமரம் பின்னால் போயிற்று. மரம் எப்படிப் போகும் என்று நினைத்தார். அடுத்து எதிர்வீட்டுக் கதவு போயிற்று. அப்போதுதான் விளங்கியது.

"ம்ம்ம்" என்றார்.

"இன்னும் சாதம் வேணுமா? ரெண்டாவது அடுக்குல இருக்குது" என்றது முன்னாலிருந்து குரல்.

"ம்ம்ம்ம்" என்று பலமாகத் தலையாட்டினார். தலையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

"அவசரப்படாம சாப்பிடுங்க. ரோடு இங்க நல்லாத்தான் இருக்குது."

எழுந்தால் சாப்பாடு போச்சு. மத்தியானமும் பட்டினி. விடியும்வரை இனி ஒரு வாய் கிடையாது. வேகமாக முடித்துவிட்டு ஒரு சத்தம் போடலாம் என்று அள்ளி அள்ளிப் போட்டார். அடுத்த அடுக்கைத் திறந்தால் அவரைக்காய்ப் பொரியல். அதற்கும் அடியில் பாயசம். முந்திரி கூடப் போட்டிருந்தாள்.

கடைசிச் சொட்டு பாயசம் இறங்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. கை கழுவிவிட்டு, இவ்வளவு நேரம் சாய்ந்திருந்த மூட்டையைப் பிரித்தார். முறுக்கு டின், வளையல் கூடை, பலாப்பழம். எல்லாவற்றுக்கும் மேலே மடிப்புக் கலையாமல் அவருடைய பட்டுக்கரை வேட்டி.

வண்டி வாலாஜாபாத் சாலையில் போய்க்கொண்டிருந்தது. எதிரே பக்கத்து நிலத்துக்காரர் துரைக்கண்ணு சைக்கிளில் வந்தார்.

"இன்னாம்மா இது? ஜீவந்தரன் இந்த வண்டியைத் தொடவே விடமாட்டாரே."

"திருடிக்கினு போறேண்ணா."

"அவரு காவலுக்கு இல்லியா?"

ஜீவந்தரன் ஜன்னலில் முகத்தை வைத்து வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

"இருக்காருண்ணா" என்றாள் மதனவதி. "இறங்க மாட்டேன்னு சொன்னாரு. அதான் கூடவே கொண்டாந்துட்டேன்."