பக்கவாட்டில் ஒரு ஆமாம்

ரூஸே, செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை லூபென் அவர்களுக்கு,

ஸ்தோய்மென் எழுதுவது. நானும் என் முழங்காலும் நலம். சோஃபியாவில் நீங்களும் தங்கை ஸ்வெதானாவும் நலம் என்றே நம்புகிறேன். இந்த வருடம் குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்து லூதெனிட்சா விழுது பன்னிரண்டு புட்டி அரைத்து அடைத்தேன், நான்கு உங்களுக்கு.

போன மாதம் சாப்பாட்டு மேசையில், "மச்சான், பொழுதுபோக்கு காட்டுறதோட எங்க கம்பெனி வேலை முடிஞ்சுது, அதுக்கு மேல கேக்காதீங்க" என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவன் நான். ஒரு கொடியைத் தப்பாகக் காட்டியதில்லை. அதனால்தான் உங்கள் கம்பெனி நடத்தும் இணைய விளையாட்டில் ஏழு நாட்டுக்காரர்கள் சேர்ந்த எங்கள் கோட்டைக்கு என்னையே வாயில்காப்பாளனாக வைத்தார்கள். அங்கே பேச்சைவிடச் சைகை அதிகம். பொத்தான்களில் எழுத்து இல்லை, ஆடும் தலைப் படம்தான். நானும் நம் பல்கேரிய மனுஷர்கள் எல்லோரையும் போல ஆமாம் என்றால் பக்கவாட்டில் ஆட்டினேன், இல்லை என்றால் மேலும் கீழும். எதிரிப்படை வெளியே நிற்கும்போது கதவைத் திறக்கலாமா என்று தளபதி கேட்டார். கூடவே கூடாது என்று மேலும் கீழும் இரண்டு தடவை ஆட்டினேன். திறந்துவிட்டார்கள். நாற்பது பேரும் குதிரைகளும் போச்சு. தளபதி ஃபின்லாந்துக்காரர், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதற்கு முன்னும் அதிகம் பேசியவரில்லை என்பது வேறு விஷயம்.

அதுகூடப் போகட்டும். ருமேனியாவில் யாஷ் நகரத்து ஸ்மரான்டா எங்கள் கோட்டை வைத்தியர். நிஜத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், என்னைப்போலவே துணையை இழந்தவர். சாயங்காலமானால் மதில்மேல் என் பக்கத்தில் வந்து உட்காருவார். போன செவ்வாய், பள்ளியில் படித்த ரஷ்ய மொழியில் தட்டுத்தடுமாறி, "ரூஸேக்கு வந்து உங்களைப் பார்க்கலாமா?" என்று எனக்கு எழுதினார். மாப்பிள்ளை, வார்த்தை வராத நேரத்தில் மனுஷனுக்குத் தலைதானே துணை? பக்கவாட்டில் ஆட்டினேன், விடாமல் ஆட்டினேன். இறங்கிப் போனவர்தான், ஆறு நாளாக ஆளைக் காணோம். மற்ற நாட்டுக்காரர்களுக்கு நம் ஆமாம் 'இல்லை' என்றும், நம் இல்லை 'ஆமாம்' என்றும் படும் என்று அப்புறம்தான் உறைத்தது, தளபதியின் கோபமும் புரிந்தது. எங்கள் ஊர் ஆமாம் அப்படித்தான் இருக்கும், என் முகவரி இது என்று விளையாட்டுக்குள் இருக்கும் அவருடைய தபால்பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இல்லை.

உங்கள் கம்பெனிக்கும் எழுதினேன். "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம், தொடர்ந்து விளையாடுங்கள்" என்று பதில் வந்தது. மகிழ்ச்சியையா கேட்டேன்? நாற்பது பேரை ஒரே கோட்டைக்குள் உட்கார வைத்து, ஒருவரையொருவர் நம்புங்கள் என்று சொன்னவர்கள், ஒருவர் சொன்னது அடுத்தவருக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டாமா? ரயில்வேயில் இதற்குப் பொறுப்பு என்று பெயர். பல்கேரியத் தலைக்குத் தனிப் பொத்தான் வேண்டும், நீங்கள்தான் பேசி வாங்கித் தர வேண்டும். என் தலை எவருக்காகவும் திசை மாறாது. ஆமாம் என்றால் பக்கவாட்டில்தான், என்னைப் புதைக்கும் வரை.

உங்கள் இருவருக்கும் உடம்பில் பலமும் வீட்டில் அமைதியும் நிலைக்கட்டும்.

நிமிர்ந்த தலையுடன்,
ஸ்தோய்மென்

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. பெட்டியும் கையுமாக ஸ்மரான்டா. "உள்ள வரலாமா?" என்றார். அவருக்குப் புரியட்டுமே என்று அவர் ஊர் வழக்கப்படி மேலும் கீழும் ஆட்டித் தொலைத்தேன். அவரோ விளையாட்டுத் தபால்பெட்டியில் நான் போட்டதைப் படித்து, நம் ஊர் வழக்கத்தைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். முகம் சுருங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். படிக்கட்டு வரை ஓடி, "ஆமா, ஆமா" என்று வாயால் கத்தி அழைத்து வந்தேன். இப்போது சமையலறையில் இருக்கிறார். உங்கள் நான்கு புட்டியில் ஒன்று திறந்தாயிற்று. பொத்தான் விஷயத்தை விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை. முப்பத்து நான்கு வருடத்தில் நான் காட்டாத தப்பான சிக்னலை, என் வீட்டு வாசலில், என் சொந்தத் தலையால் காட்டிவிட்டேன்.