சம்பந்தியின் மீசையில் பாசி

ஓய்வு பெற்ற அரசு அதிகாரி எதையாவது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டாரைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அது ஆரம்பித்த மறு வாரமே, என் மனைவி தற்காப்புக்காக ஒரு நுண்ணோக்கி வாங்கித் தந்தாள்.

நான் பிடித்துக்கொண்டது கடலின் பழுப்பு இழைப்பாசிகளை. மயிரிழை போல இருக்கும்; வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே ஜாடை. இன்னதென்று பெயர் சொல்ல, வாடுவதற்குள் அதன் வித்துப்பைகளைப் பார்க்க வேண்டும். வித்துப்பை இல்லாத பாசி கையெழுத்தில்லாத மனு. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மாதக்கணக்கில் திருப்பி அனுப்பிய பிறகு, ஒரு மே மாதக் காலையில் பட்டினப்பாக்கம் கரையில் ஒரு படகுக் கயிற்றைச் சுரண்டினேன். ("இன்னா சார், கவுத்துக்கு ஷேவிங்கா?" என்றார் படகுக்காரர்.) வீட்டில் ஒரு நுனியைப் பார்த்தால், வித்துப்பை! பெயர் கண்டுபிடிப்பதற்குள் நுனி வாடிவிட்டது. மிச்சத்தைக் கடல்நீரோடு பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இடமும் தேதியும் குறித்த சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேதான் போட வேண்டும் என்பது விதி, போட்டேன். வெளியே 'குடிக்காதீர்' என்று ஒட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை.

அன்று மாலை விருந்தாளிகள். மகள் தானே தேர்ந்தெடுத்த பையனும் அவன் பெற்றோரும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. மீசை பெரியது.

"வெட்டிவேர்த் தண்ணி. வெயிலுக்கு நன்னாருக்கும்" என்று மனைவி ஃப்ரிட்ஜ் பாட்டிலிலிருந்து ஊற்றி அவரிடம் டம்ளரை நீட்டினாள். அவர் மரியாதைக்காகப் பாதி குடித்துவிட்டார்.

"என்னம்மா, உப்புக் கரிக்கி?"

டம்ளரில் பழுப்பு இழைகள். பெண்ணைப் பெற்றவன் அந்த நேரத்தில் பெண்ணை நினைக்க வேண்டும். நான் அலறினேன்: "முழுங்கிடாதேங்கோ! அதுல வித்துப்பை இருக்கு!"

முழுங்கியிருந்தார். ஆனால் மீசையில் ஓர் இழை தெரிந்தது. இடுக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"அப்பா! அவர் மீசையை விடுப்பா!" என்று மகள் கத்துவதற்குள் இழை நுண்ணோக்கியில் இருந்தது. முடிவை அறிவிப்பது என் பழக்கம்.

"பாசி இல்லை. முடி. சாயம் அடிச்சது, வெளுக்க ஆரம்பிச்சிருக்கு."

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டே மகனிடம் திரும்பினார்.

"ஏலே, இந்த மனுசனுக்குப் பொய் சொல்லவே வராது. தைரியமாச் சம்பந்தம் பண்ணலாம்."

மிச்சப் பாசியை மனைவி அதற்குள் தொட்டி முற்றத்தில் கொட்டிவிட்டாள். அது என்ன பாசி என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் அதற்கு 'மீசைப்பாசி' என்று பெயர்.

சம்பந்தி இப்போதும் வருகிறார். என் கைக்கு எட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே குரல் கொடுக்கிறார்: "தங்கச்சி, வித்துப்பை இல்லாம ஒரு டம்ளர் தண்ணி!"