என் பாட்டைக் கேட்டு நின்றுபோன இருபது மெஷின்கள்

"இப்போ என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்கே?" என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. குளிக்கும்போது குத்துப்பாட்டு கேட்கிறவர், வீணை என்பார். பஸ்ஸில் பக்திப்பாட்டு கேட்கிறவன், இங்கிலீஷ் பாட்டு என்பான். நானும் அப்படிப் பொய் சொல்லத் தயாராகத்தான் போனேன். வாய் பொய் சொன்னது, போன் உண்மையைச் சொல்லிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ட்ரெய்னி. மெஷின் பழுது பார்க்கிற அந்த டிபார்ட்மென்ட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான். (மற்ற பெண்கள் எல்லாம் பேக்கிங்கில். அங்கே ஏசி உண்டு, உட்கார நாற்காலி உண்டு. எனக்கு கிரீஸ் உண்டு.) ட்ரெய்னிங் முடிய ஒரு மாதம் இருந்தது. பிடித்திருந்தால் மெயின்டெனன்ஸிலேயே பர்மனென்ட் செய்வார்கள், இல்லையென்றால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். பேக்கிங் போவதைவிட சொந்த ஊரான பேரிகைக்கே திரும்பிப் போய் அப்பாவின் தக்காளித் தோட்டத்தில் கூடை சுமக்கலாம் என்று எனக்கு அப்படியொரு வீம்பு.

அந்த வீம்புக்குத் தீனி போட வந்தது, இரும்பு கடைகிற ஏழாம் நம்பர் லேத் மெஷின். காலையில் பக்கத்தில் போய் நின்றால் 'கிணுகிணு, கடகட' என்று ஒரு சத்தம். உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது, இன்றோ நாளையோ மெஷின் படுத்துவிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஹெட் நஞ்சப்பா சாரிடம் சொன்னேன். அத்திப்பள்ளிக்காரர், கன்னடத்தில் ஊறவைத்த தமிழ் பேசுவார். மதியச் சாப்பாடு முடிந்து வந்து மெஷினில் காது வைத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. இன்னொரு நாளும் மதியம்தான் வந்தார், அன்றும் இல்லை. மூன்றாம் தடவை சொன்னபோது, நல்லாத் தூங்கி எழுந்து வாம்மா என்று மட்டும் சொன்னார். பொம்பளப்பிள்ளை சொன்னால் மெஷின்கூட ஒத்துழைக்காதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலையில் அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்தேன். இரண்டு வாரம் கம்பெனி பஸ்ஸில் இயர்போன் மாட்டி, கண்ணை மூடி அதையே கேட்டேன். எங்கே 'கிணு' வரும், எங்கே 'கட' வரும் என்று அத்துப்படி. யார் பாட்டை இப்படி ரசிக்கிறே என்று பக்கத்து சீட் அக்கா கேட்டார். மெலடி என்றேன்.

இதற்கிடையில் ஹெச்.ஆர். நிர்மலா மேடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. தினமும் காலை டீ பிரேக்குக்கு முந்தின பத்து நிமிடம், ஒருவர் தான் சமீபத்தில் விரும்பிக் கேட்கும் பாட்டுகளை மைக்கில் சொல்லி, எல்லா மெஷினுக்கும் மேலே இருக்கிற ஸ்பீக்கரில் போட வேண்டும். தமிழ்ப் பாட்டா, கன்னடப் பாட்டா, தெலுங்குப் பாட்டா என்று ஏற்கெனவே அங்கே சண்டை. மூன்றையும் போட்டு எல்லோரையும் சமமாகக் கோபப்படுத்துவது மேடத்தின் திட்டம்.

என் முறை வந்த அன்று பிளான்ட் மேனேஜரும் வந்து நின்றார். பர்மனென்ட் செய்கிற கமிட்டியில் அவர் பேச்சுதான் செல்லும். அவருக்காக ஒரு கர்நாடக சங்கீதம், நஞ்சப்பா சாருக்காக ஒரு கன்னடப் பாட்டு, ஆபரேட்டர்கள் விசிலடிக்க ஒரு தெலுங்குப் பாட்டு என்று வைத்திருந்தேன். முந்தின நாள்தான் மூன்றையும் முதல்முதலாகக் கேட்டிருந்தேன்.

மைக்கைப் பிடித்தேன். "இது பாட்டு இல்லீங்க சார், என் உசுரு. காலைல இதக் கேக்காம எனக்கு வேலையே ஓடாது. எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ண மூடிக் கேளுங்க." சொல்லிவிட்டு, போனில் 'கடைசியாகக் கேட்டவை' என்ற இடத்தில் முதலில் இருந்ததை அமுக்கினேன். அன்று காலை பஸ்ஸிலும் பழக்கதோஷத்தில் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது அமுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கிணுகிணு. கடகட.

எங்கள் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: மெஷினில் வித்தியாசமான சத்தம் கேட்டால் முதலில் சிவப்பு பட்டனை அமுக்கு, அப்புறம் யோசி. ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் மெஷின்தான் போச்சு என்று நினைத்தார். இருபது கைகள், இருபது சிவப்பு பட்டன்கள். அடுத்த நொடி அவ்வளவு பெரிய ஷெட்டில் என் 'உசுரு' மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன சொல்லைத் தட்டாமல் கண்ணை மூடியிருந்த நிர்மலா மேடம், தலையை ஆட்டிக்கொண்டே, "ஃபியூஷனா?" என்றார்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கோ புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. இதுதான் சார் ஏழாம் நம்பர் பேரிங், மூன்று தடவை சொன்னேன், யாரும் நம்பவில்லை என்று மைக்கிலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். மேனேஜர் திரும்பி நஞ்சப்பா சாரைப் பார்த்தார். அவர் பதிவை இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னார். பிறகு ஏழாம் நம்பருக்கு நடந்தார். சாமி ஊர்வலம் போல எல்லோரும் பின்னால் போனோம்.

மெஷினை ஓட்டச் சொன்னார். அதே சத்தம், அட்சரம் பிசகாமல். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் பின்பக்கம் போய், எலக்ட்ரிக் பேனலுக்கும் மெஷினுக்கும் நடுவில் கையை விட்டார். சத்தம் நின்றது. வெளியே வந்த கையில் என் இரண்டடுக்கு டிபன் டப்பா.

(லாக்கர் ரூமில் யாரோ என் மாங்காய் ஊறுகாயைத் தொடர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அதனால் டப்பாவை இந்த மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். மதியம் சாப்பிட்டதும் அது பைக்குள் போய்விடும், சத்தமும் போய்விடும். இந்தக் கணக்கு எனக்கு இரண்டு வாரமாகப் புரியவில்லை.) நஞ்சப்பா சார் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஸ்பூன் கிணுகிணுத்தது.

"ஏனம்மா சுமதி," என்றார். "இது பேரிங் இல்லம்மா. தயிர் சாதம்."

ஷெட்டே மூன்று மொழியில் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். இருபது மெஷினையும் சரிபார்த்து மறுபடி ஓட்ட அரைமணி நேரம் ஆனது. நான் பாத்ரூமில் போய் அழுதேன். பேக்கிங் பெண்கள் வந்து, விடு சுமதி, எங்ககூட வந்துடு, நாற்காலி இருக்கு என்று ஆறுதல் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் நிஜமாகவே அழுகை வந்தது.

மாதக் கடைசியில் கமிட்டி கூப்பிட்டது. மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இரண்டு தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்ற பிறகும் ஏன் விடவில்லை? பயத்தில் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. "சத்தம் இருந்துச்சுங்க சார். காரணந்தான் தப்பாப்போச்சு. சத்தம் இருந்துச்சு."

நஞ்சப்பா சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் பர்மனென்ட் ஆர்டர் வந்தது, மெயின்டெனன்ஸில்தான். நஞ்சப்பா சார் ஓரத்தில் தன் கையால் எழுதியிருந்தார்: 'காது நல்லா இருக்கு. டப்பா லாக்கர்ல இருக்கட்டும்.' சந்தோஷத்தில் கேன்டீன் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா அதை லேமினேட் செய்து, தக்காளி வாங்க வந்த வியாபாரிகள் முதல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். மேடத்தின் பாட்டு நிகழ்ச்சி மட்டும் மெஷின்கள் நின்ற அன்றோடு நின்றது. அதற்காக என்னை மன்னிக்காதவர்கள் கம்பெனியில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் பாட்டு அனுப்பிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் யாரும் பாட்டு அனுப்புவதில்லை. அத்தை தன் மிக்ஸியின் சத்தத்தை அனுப்புவார், சித்தப்பா போர்வெல் மோட்டார் அனுப்புவார், என் வீட்டுக்காரர் தன் பைக்கை அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் கீழே 'சமீபத்தில் விரும்பிக் கேட்பது' என்று ஒரு வரி வேறு. நேற்று அம்மா அனுப்பியது அப்பாவின் குறட்டை. மூன்று தடவை கேட்டுவிட்டு, பேரிங் நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல டப்பா எதுவும் இருக்கான்னு பாரும்மா என்று பதில் போட்டேன்.