பிறின்ஸின் தலை பற்றிய உண்மை விளக்கம்

கல்லடி,
14.10.2025

பெருமதிப்புக்குரிய சம்பந்தி லூர்து அவர்களுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் உடம்புக்குக் குறைவில்லை. நித்திரைதான் இல்லை.

ஒன்பது நாளாகத் தாங்கள் என் தொலைபேசிக்குப் பதில் தரவில்லை. சனிக்கிழமை பாலம் கடந்து புளியந்தீவில் தங்கள் வீட்டுக்கே வந்தேன். தங்கள் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தமும் கேட்டது. மூன்று தரம் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. ஆகவே இருபத்தெட்டு வருடம் விவசாயத் திணைக்களத்தில் அறிக்கை எழுதிய கையால் இதையும் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் வாசிக்கவும்.

முதலாவது, என் மகன் பிறின்ஸுக்குத் தொற்று நோய் எதுவும் இல்லை. இரண்டாவது, கலியாணம் பேசும்போது தங்களுக்கு நாங்கள் தந்த அவனுடைய படம் நான்கு வருடம் பழையது. அதற்குள் அவனுடைய முன் மயிர் முழுவதும் கொட்டிவிட்டது. தாங்கள் சம்மதம் சொன்ன அன்றே அவன் என்னிடம் வந்தான்.

"அப்பா, இந்தப் படத்தில இரிக்கிறவன் நானில்ல. அவங்களிட்டச் சொல்லிருவம்."

"வாயை மூடு மனே. கலியாணம் முடியட்டும், மறுகா பாப்பம்" என்றேன். சொன்னவன் நான். இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

ஆடி மாதம், தான் வேலை செய்யும் பாசிக்குடா ஹோட்டலில் இருந்து பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிக் கொழும்புக்குப் போனவன், ஐந்தாம் நாள் நெற்றி வீங்கி, கண் இடுங்கி, செத்தல் மிளகாய் அரைத்துப் பூசியது போன்ற தலையோடு வந்து இறங்கினான். வாகன விபத்து என்று நினைத்து என் மனைவி போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டார் மதிலால் ஏறி வந்துவிட்டார்கள், அவர்களுக்குக் குளவி கொட்டியது என்று சொல்லி அனுப்பினோம், அவர்கள் போய்ச் சுண்ணாம்போடு திரும்பி வந்தார்கள், பூச விடாமல் தடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பிறகுதான் பிள்ளை சொன்னான், பின்தலையில் இருந்து மயிரை வேரோடு எடுத்து முன்பக்கம் நட்டிருக்கிறார்களாம். சிவப்பு சில கிழமையில் போய்விடும், சிலருக்கு மூன்று நான்கு மாதமும் கிடக்கும் என்று டொக்டர் சொன்னாராம். எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் அந்தச் சிலரில் சேர்ந்துவிட்டோம். மூன்றாம் கிழமை நட்டதும் கொட்டத் தொடங்கியது. நானே டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், நட்டதெல்லாம் விழுந்திட்டு."

"அது விழத்தான் வேணும் ஐயா. வேர் உள்ள இரிக்கு."

"எங்கட வட்டையில நெல்லு இப்பிடி விழுந்தா நட்டஈட்டுக்கு எழுதிக் கொடுப்பம் சேர்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அப்படித்தான் நிச்சயதார்த்த ஞாயிறு வந்தது. மோதிரம் மந்திரிக்கும் நேரம் பிறின்ஸ் தொப்பியோடு நின்றான். அதைக் கழற்றச் சொல்லிப் பாதர் கண்ணைக் காட்டினார். இவன் அசையவில்லை. பாதர் மீண்டும் காட்டினார். கோயில் முழுவதும் பார்க்கிறது, பின்னால் இருந்து நானே போய்த் தொப்பியைப் பிடுங்கிவிட்டேன். மேலே நான்கு குழல் விளக்கு. தலை முழுவதும் சிவப்புப் புள்ளி.

"இது தொத்து வருத்தம்! பிள்ளையளத் தள்ளி வைங்க!" என்று தங்கள் அக்கா சொன்னது பாடகர் குழு வரைக்கும் கேட்டது. தாங்கள் மகள் டினுஷாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனீர்கள். மந்திரிக்காத மோதிரம் இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. இன்னும் அதே சட்டைப் பையில்தான் இருக்கின்றன. சட்டையைத் தோய்க்கக் கொடுக்க மனம் வரவில்லை.

அதன்பின் சலூன்காரர், "தம்பி, வேற இடம் பாருங்க" என்றார். ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நின்றவனைக் களஞ்சிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நேற்று அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தச் சிவந்த தலை சோற்றுக் கோப்பைக்கு மேல் குனிந்திருப்பதைப் பார்த்து, எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றேன்.

தோல் டொக்டரின் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். கலியாணத்தை நிறுத்துவதென்றால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பொய் என்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்பதை மட்டும் டினுஷாவிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கள் அக்கா உட்பட எல்லோருக்கும் எங்கள் அன்பு. மாதாவின் நிழல் தங்கள் குடும்பத்தின் மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (இன்னமும் என்றால்),
அ. யோசேப்பு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிறின்ஸ் வந்து கையைப் பிடித்துவிட்டான். "அப்பா, இதை அனுப்பாதீங்க. டினுஷாட்ட, சொல்ல மாட்டன் என்டு சத்தியம் பண்ணினனான். ஆனா நீங்க படுற பாட்டப் பாக்க ஏலாம இரிக்கு" என்றான். கேட்டேன், சம்பந்தி. எல்லாம் கேட்டேன். நான் சொல்லாதே என்ற அதே கிழமை அவன் டினுஷாவிடம் சொல்லிவிட்டானாம். "என்ட அப்பாட மொட்டத் தலையப் பாத்து வளந்தவள் நான், எனக்கென்ன பயம்?" என்றாளாம். மயிர் நட்ட அந்த டொக்டரைத் தேடிப் பிடித்ததே அவள்தானாம். ஞாயிறு வீட்டுக்குப் போனதும் தங்களுக்கும் சொல்லிவிட்டாளாம். தாங்கள் டொக்டரின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போய், சனிக்கிழமை நான் கதவடியில் நின்று கத்தும்போது வீங்கிய நெற்றியோடு உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருந்தீர்களாம்.

நாளை பின்னேரம் நானும் மனைவியும் வருகிறோம். கதவைத் திறவுங்கள். சிரிக்க மாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண இயலாது.