ரிகர்சல் அண்ணன் செய்த இன்னொரு நான்

பிறந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டே செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ராயபுரத்தில், ஹார்பருக்குக் கண்டெய்னர் அனுப்பும் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது, அங்கே கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. எங்களுக்கு அவர் ரிகர்சல்.

லீவு கேட்கப் போகுமுன் மாடிப்படியில் நின்று மேனேஜர் குரலில் மறுத்து, தன் குரலில் கெஞ்சி, மறுபடி மேனேஜராகி மனமிரங்குவார். ஒருமுறை தூரத்து உறவில் சாவு. போகுமுன் ஆபீஸ் பாத்ரூமில் அழுது பார்த்தார். அவருடைய அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போன மேனேஜர், மலர் மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டார். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கவும் எங்களை மீன்காரியாக்கிப் பேரம் பழகினார். அங்கே போனால், இவர் கேட்க நினைத்த விலையையே மீன்காரம்மா முதலில் சொல்லிவிட்டார். அடுத்த வசனம் கைவசம் இல்லாததால், மீன் வாங்காமலே திரும்பி வந்தார்.

அப்போது வெப்சைட் எல்லாம் புதிது. கப்பல் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தால் திரையில் மூன்று பெட்டிகள் இருக்கும். முதலாவதில் நாட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் இரண்டாவதில் அந்த நாட்டின் துறைமுகங்கள் பட்டியலாக இறங்கும். துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் மூன்றாவதில் கப்பல்கள் வரும். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இதே கதை. காலையிலிருந்து சாயந்திரம் வரை இலங்கை, கொழும்பு, கப்பல் என்று தட்டிக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

இதையெல்லாம் ஒரு புரோகிராமே செய்துவிடும் என்று பாரிமுனையில் யாரோ மேனேஜர் காதில் ஓதிவிட்டார்கள். அதை எழுதும்படி ரிகர்சலிடம் சொன்னார். அது ஓட ஆரம்பித்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். தண்டையார்பேட்டையில் அப்பா வேலை பார்த்த பட்டறையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதல் முயற்சி படுத்துவிட்டது. புரோகிராம் முதல் பெட்டியில் இலங்கையைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டாவது பெட்டியோ எனக்கென்ன என்று காலியாகவே கிடந்தது. மேனேஜர் ரிகர்சலிடம் காரணம் கேட்டார்.

"பேரு மட்டும் மாறினா ரெண்டாவது பொட்டிக்குத் தெரியாது சார். ஒரு ஆளு வந்து தொறந்து, பாத்து, எட்தாமாரி இருக்கணும். அப்பத்தான் அடுத்த பொட்டி முழிச்சிக்கும்."

அப்படியானால் ஆள் மாதிரியே செய்ய வை என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார். யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து ரிகர்சல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் வேலைக்கு உலை வைக்க என்னையே பாடம் நடத்தச் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது உறைத்தால்தானே.

"அந்தப் பெருமூச்சு வுட்டியே, இன்னொரு தபா வுடும்மா" என்றார்.

புரோகிராமை ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் பெட்டி தானாகத் திறந்தது. பட்டியலின் அடிவரை போய், ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்து, இலங்கையில் நின்றது. நான் அப்படித்தான் செய்வேன். இரண்டாவது பெட்டி முழித்துக்கொண்டு துறைமுகங்களைக் கொட்டியது. மேனேஜர் முகம் மலர்ந்தது. நான் டிராயரில் இருந்த என் சாமான்களைப் பையில் எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

ஆனால் புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னாபா, சொம்மா நின்னுகினு கீது?"

"தலையில கிளிப்பு மாட்டிக்கினு கீது சார்."

மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். புரோகிராம் கிளிப்பை மாட்டி முடித்து, தவறான கப்பலைத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொள்ளும் நேரம் தயங்கி, சரியான கப்பலுக்கு வந்தது. பதினோரு மணிக்குச் சுத்தமாக நின்றுபோனது. இப்போது என்ன என்று கேட்ட மேனேஜருக்கு, ரிகர்சல் "டீ சார்" என்று பதில் சொன்னார். அந்த நேரம் நிஜமாகவே டீ வந்து, நான் குடித்துக்கொண்டிருந்தேன். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை அதுவும் நகரவில்லை.

"இதுக்கு அந்தப் பொண்ணே தேவல" என்று மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு புரோகிராம் என்ற பேச்சையோ, நான் வேறு இடம் பார்க்கவேண்டும் என்ற பேச்சையோ அவர் எடுக்கவில்லை.

சாயந்திரம் மாடிப்படியில் ரிகர்சலைப் பிடித்துக்கொண்டேன். கிளிப்பு, டீ, பெருமூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தால் அது பறந்திருக்குமே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அத்தெல்லாம் எட்துட்டா அது நீ இல்லியேம்மா" என்றார்.

ஆபீசில் எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அது பேச்சுக்கு. அன்றைக்கு "வரேண்ணா" என்று அவரிடம் சொன்னது மனசாரச் சொன்னது.